அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அச்சகம், பைண்டிங், ஆண்டர்சன் தெருவின் தாள் கடைகள் எல்லாம் பாரிமுனையைச் சுற்றியே இருப்பதால் அந்தப் பக்கம் போகாத வாரம் எனக்குக் குறைவு. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் உள்ள ஆர்மேனியன் தெருவில் பத்துப் பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். தமிழில் அதற்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது, "இங்க அரண்மனை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "இருந்திருக்கும்டா, இடிச்சிருப்பாங்க" என்றார் அப்பா.

அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. ஆர்மேனியன் என்ற சொல் நம் ஊர் வாயில் புரண்டு புரண்டு அரண்மனைக்காரன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவன் நான், ஆனால் இந்த ஒரு பிழையைத் திருத்த மனம் வராது. எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டத்தின் பெயரைக் காதில் விழுந்தபடி வாங்கி, அர்த்தம் புரியாமல், தனக்குத் தெரிந்த ஒரு பெரிய சொல்லாக மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது இந்த ஊர். அந்தக் கூட்டம் இன்று இங்கே இல்லை. பெயர் தெருவில் இருக்கிறது. மிச்சம் எல்லாம் அந்தத் தெருவிலேயே ஒரு வெள்ளைச் சுவருக்குப் பின்னால், தரையில் படுத்திருக்கிறது.

அந்தச் சுவரைத் தாண்டி நான் உள்ளே போனது நாலு வருடத்துக்கு முன்புதான். ஒரு வேலை முடியத் தாமதமாகி, வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடியபோது பழைய மரக்கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தெருவின் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. நடைபாதை, வெள்ளையடித்த நெடுஞ்சுவர், கப்பலரளிப் பூ உதிர்ந்து கிடக்கும் முற்றம். குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, நான் நின்றுகொண்டிருந்தது ஒரு கல்லறையின் மேல். சட்டென்று பின்வாங்கினேன், பின்னாலும் கல்லறை. காவலாளி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"செருப்போட மிதிக்கலாமாண்ணே?" என்றேன்.

"எல்லாரும் மிதிச்சுத்தான் தம்பி போறாங்க. வேற வழி எங்க இருக்கு?"

உண்மைதான், வேறு வழி இல்லை. சுமார் 350 பேர் அந்த வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் வந்தன என்றுதான் முதலில் நினைத்தேன், நடந்தது தலைகீழ். ஆர்மேனியர்கள் 1712இல் கட்டிய முதல் தேவாலயம் பிரெஞ்சு, ஆங்கிலப் போர்களின் காலத்தில் அழிந்துபோக, 1772இல் தங்கள் இடுகாடாக இருந்த இடத்திலேயே இன்றைய தேவாலயத்தை எழுப்பினார்கள். இறந்தவர்கள் முதலில் வந்துவிட்டார்கள், கோயில் அப்புறம் வந்தது.

யார் இவர்கள் என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தால் கதை மைலாப்பூரிலோ கோட்டையிலோ தொடங்குவதில்லை, அராஸ் என்ற ஆற்றங்கரையில் தொடங்குகிறது. அங்கே ஜூல்பா என்றொரு ஊர், பட்டு வணிகர்களின் ஊர். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், துருக்கியரோடு நடந்த போரில் எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாது என்று 1604-05இல் அந்த ஊரையே காலி செய்து, மக்களை ஆற்றைக் கடக்க வைத்து, இஸ்பகான் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆற்றிலும் வழியிலும் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் இஸ்பகான் பக்கத்தில் ஒரு புது ஊரைக் கட்டி அதற்கும் ஜூல்பா என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் புது ஜூல்பாவிலிருந்து கிளம்பியவர்கள்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை வணிகம் செய்தவர்கள், சென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள். 1688இல் ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனம் இவர்களோடு லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டது: தங்கள் குடியிருப்பு எதிலாவது 40 ஆர்மேனியர் சேர்ந்துவிட்டால் நிறுவனம் ஒரு தேவாலயம் கட்டித் தரும், பாதிரியாருக்கு ஏழு வருடத்துக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுக்கும். நாற்பது தலை எண்ணி ஒரு கோயில். எவ்வளவு தேவைப்பட்டிருந்தால் நிறுவனம் இப்படி எழுதிக் கொடுத்திருக்கும் என்று பாருங்கள்.

இந்த வரலாறெல்லாம் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் கல்லில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அது என்னைத் தூங்கவிடவில்லை. எழுத்தைப் பார்த்தால் வாசித்தே பழகிய கண், இத்தனை எழுத்து முன்னால் இருக்கும்போது ஒன்றுகூட வாசிக்க முடியாமல் நின்றது. சரி, கற்றுக்கொள்வோம் என்று ஆர்மேனிய எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதிப் பழகினேன். மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் என்ற துறவி 405ஆம் ஆண்டில் உருவாக்கிய 36 எழுத்துகள், பின்னால் சேர்ந்த இரண்டு, ஆக 38. மொழி எனக்கு வராது. எழுத்துக் கூட்ட வந்துவிட்டது.

கல்லை வாசிப்பதற்கும் சில வழிகள் உண்டு. உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. காலையில் சாய்வாக ஒளி விழும்போது போக வேண்டும், இல்லாவிட்டால் கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் தரைமட்டத்தில் பிடிக்க வேண்டும். வெட்டுகளில் நிழல் தேங்கி எழுத்து மேலே வரும். சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், கல் அரித்துப்போகும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

அப்படி ஒரு காலையில் முதல் கல்லின் முதல் வரியை எழுத்துக் கூட்டினேன். ஆ... ய்... ஸ்... எ... த... பா... ன். ஆய்ஸ் எ தபான். பக்கத்துக் கல்லுக்குப் போனேன். அதிலும் ஆய்ஸ் எ தபான். மூன்றாவதிலும் அதே. "இது இன்னாருடைய கல்லறை" என்று தொடங்குகிற பழைய ஆர்மேனிய வாசகம் அது. அடுத்த சொல்லோடு சேர்த்தால் "இது இளைப்பாறும் கல்லறை" என்று வரும். அன்றைக்கு அந்த மூன்று சொல்லை மட்டும் தேடித் தேடி, முற்றம் முழுக்க முட்டி போட்டு நகர்ந்தேன். இவ்வளவு நாளாகக் கோலம் மாதிரி தெரிந்தது பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஆண்டு வாசிப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஆர்மேனியர்களுக்கு எழுத்தே எண். நம்மிடமும் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று இருந்ததல்லவா, அந்த மாதிரி. அவர்கள் கணக்கில் ஓர் எழுத்து ஆயிரம், ஓர் எழுத்து இருநூறு, ஓர் எழுத்து இருபது. வரும் தொகையோடு 551ஐக் கூட்டினால் நம் ஆண்டு. 1772ஐ அவர்கள் முறையில் எழுதினால் 1221. அதற்கு நாலே எழுத்து: ர, ம, இ, அ. ஆயிரம், இருநூறு, இருபது, ஒன்று. சில சமயம் எண் மிகச் சின்னதாக, நூற்றைம்பது போல வந்து நிற்கும். அது ஜூல்பாக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த அசாரியா கணக்கு, 1616இல் தொடங்குவது. வணிகர்கள் அல்லவா, கணக்கேட்டில் புழங்கிய ஆண்டு கடைசியில் கல்லுக்கும் வந்துவிட்டது.

இந்த வளாகத்தில் நான் முதலில் தேடிப் போனது ஒரு பாதிரியாரின் கல்லறையை. என் தொழிலுக்கு அவர் முன்னோர். ஹருத்யுன் ஷ்மாவோனியன், 1750இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தில் பிறந்தவர். ஒரே வாரத்தில் அவருடைய இரண்டு மகன்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு அவர் ஊரை விட்டு ஒதுங்கி, பாரசீகத் துறவிகளோடு தங்கி அவர்கள் மொழியைப் படித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1784இல் சென்னை ஆர்மேனியர்களுக்குப் பாதிரியாராக வந்தார். வந்தவர் பூசையோடு நிற்கவில்லை. 1789இல் அச்சகம் வைத்தார். எழுத்துகளை வார்க்க ஏற்பாடு செய்தார், தாளையும் இங்கேயே செய்ய வைத்தார். 1794 அக்டோபர் 16 அன்று அஸ்தரார் என்ற மாத இதழின் முதல் இதழை வெளியிட்டார். உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. எரெவானில் வரவில்லை, வெனிஸில் வரவில்லை, இங்கே ஜார்ஜ் டவுனில் வந்தது. தமிழில் ஒரு பத்திரிகை வர அதற்கு மேலும் பல வருடங்கள் ஆயின.

அஸ்தரார் என்றால் செய்தி அறிவிப்பவர் என்று பொருள். கப்பல் எப்போது வரும், எந்தச் சரக்கு என்ன விலை, ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துப் பெயர்த்த சேதிகள், தங்கள் நாடு என்று அவர்கள் நினைத்த இடத்திலிருந்து வந்த கடிதங்கள். 18 இதழ்கள் வந்தன, 1796இல் நின்றுபோனது. வாங்கிப் படிக்க இருந்த ஆட்களே கொஞ்சம். பதினெட்டு இதழுக்கு ஒரு மனிதன் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, மை தடவி, தாள் அழுத்தி, பிழை பார்த்து... நான் இதை நினைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பையன்களைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர், பல வருடம் கழித்து, கடல் கடந்து, இரவல் ஊரில் உட்கார்ந்து, சிதறிக் கிடக்கும் தன் ஆட்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார். அவர் 40 வருடம் இந்தத் தேவாலயத்தில் இருந்து 1824 பிப்ரவரி 9 அன்று இறந்தார். இங்கேயே புதைத்தார்கள். கையெழுத்துப் படி ஒன்றைத் திருத்தி முடித்த நாட்களில் நான் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன், அது ஒரு பழக்கமாகிவிட்டது.

அவருக்கும் முன்பே, 1772 வாக்கில், இதே ஊரில் ஆர்மேனிய அச்சு தொடங்கிவிட்டது. ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகரும் அவர் மகனும் அதன் பின்னால் இருந்தார்கள். அவர்கள் அச்சிட்டதில் ஒன்று, 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியல் சட்டம். எந்த நாட்டுக்கு? அப்போது வரைபடத்தில் இல்லாத ஆர்மேனியாவுக்கு. மன்னர் வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே எண்ணம் ஓடியிருக்கிறது. நாமும் இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாவது படித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

வளாகத்தில் தனியாக ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. ஆறு மணிகள், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. ஒன்றில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. இன்னொன்று 19 வயதில் இறந்த எலியாசர் என்ற பையனின் நினைவாக வார்த்தது. அவன் கீழே தோட்டத்தில் படுத்திருக்கிறான், அவன் மணி மேலே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். வழிபட வரும் சபை என்று ஒன்று இல்லை. கல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் தேவாலய நிர்வாகம்தான் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் மணி நிற்கவில்லை. முதல் தடவை அதைக் கேட்க நின்றபோது பக்கத்தில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, கை கூப்பிவிட்டுப் போனார்.

சென்னை ஆர்மேனியர் எல்லாரும் இங்கே இல்லை. பெரிய ஆள் ஒருவர் வேப்பேரியில் இருக்கிறார், கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலா வரை வணிகம் செய்து சேர்த்த பணத்தில் 1726இல் அடையாற்றின் மேல் ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயரைத்தான் வெள்ளைக்காரன் வாய் மர்மலாங் ஆக்கியது, மர்மலாங் பாலம். நாம் அரண்மனைக்காரன் என்றோம், அவர்கள் மர்மலாங் என்றார்கள், கணக்கு சரியாகிவிட்டது. இன்று அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. சைதாப்பேட்டைப் பக்கம் உஸ்கான் வைத்த கல்வெட்டு ஒன்று உண்டு. பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் போட்டவை. பாலத்தைப் பராமரிக்க உயிலில் பணமும் ஒதுக்கி வைத்தார். ஓர் ஊரில் பாலம் கட்டுகிறவன் அந்த ஊரை விட்டுப் போக நினைக்கிறவன் இல்லை என்பது என் எண்ணம்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கானின் சொத்துகளையும் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் வந்து குடியேறினால் எல்லாம் திருப்பித் தருகிறேன் என்றார் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே. உஸ்கான் மறுத்துவிட்டார். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? ஆங்கிலேயர் ஊரைத் திரும்பப் பெற்றதும், ஆர்மேனியர்கள் இனிக் கோட்டைக்குள் வெள்ளையர் பகுதியில் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உஸ்கானுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் 1751இல் இறந்தார். உயிலில் எழுதியிருந்தபடி அவருடைய இதயத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். உடல் வேப்பேரியில். பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது, யார் கையில் போனது, எத்தனை மாதம் பிடித்தது என்று எவ்வளவோ தடவை யோசித்திருக்கிறேன். உஸ்கான் கட்டிய சிறு கோயிலை அவர் இறந்த அடுத்த வருடமே லுத்தரன் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படி வேப்பேரிக்கு வந்தவர்தான் பப்ரீசியஸ், 1779இல் தமிழ் அகராதி அச்சிட்டவர். அகராதி என் மேசையில் இல்லாத நாள் கிடையாது என்பதால் இந்த வழியாகவும் எனக்கு அவர்களோடு ஓர் ஒட்டு வந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பழைய ஜூல்பாவில், அந்த அராஸ் ஆற்றங்கரையில், ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் இருந்தது. ஆளுயரக் கற்களில் நுணுக்கமாகச் சிலுவை செதுக்கி நிறுத்துவது ஆர்மேனியர் வழக்கம், கச்கார் என்பார்கள். போன நூற்றாண்டில்கூட அங்கே சில ஆயிரம் கச்கார்கள் நின்றன. இன்று அந்த இடம் அசர்பைஜானின் நக்சிவான் பகுதியில் இருக்கிறது. 1998இல் தொடங்கி, கடைசியாக 2005 டிசம்பரில், எல்லாவற்றையும் தகர்த்துவிட்டார்கள். படைவீரர்கள் சம்மட்டியால் கற்களை உடைத்து லாரியில் அள்ளி ஆற்றில் கொட்டுவதை அக்கரையில், ஈரான் பக்கத்திலிருந்து ஒருவர் படம் எடுத்திருக்கிறார். அந்தக் காட்சியை நான் ஒரு தடவை பார்த்தேன், இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. பெயர் செதுக்கிய கல்லை உடைக்கக் கை எப்படி ஓங்கும்?

அதைப் பார்த்ததற்கு அடுத்த வாரம் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனேன். வராந்தாவை ஒட்டி, எல்லாரும் நடக்கிற இடத்தில் ஒரு கல், எனக்கு எப்போதும் ஏமாற்றம் தரும் கல். நடுப்பகுதி கால் பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. காலை எட்டரை மணிக்கு மேல் இருக்கும், வெயில் சுவரைத் தாண்டிச் சாய்வாக விழுந்தது. காவலாளி குடத்தைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவரே ஊற்றினார்.

"ஏதாவது தெரியுதா தம்பி?"

மேல் வரி தெரிந்தது, ஆய்ஸ் எ தபான். அடுத்து பெயர் இருக்க வேண்டிய இடம். விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு வளைவு மட்டும் தட்டுப்பட்டது, அது எந்த எழுத்தாகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா, பெரியவரா குழந்தையா ஒன்றும் இல்லை. கீழே மூலையில், யார் காலும் படாத விளிம்பில் ஒரு சொல் அப்படியே இருந்தது. எழுத்துக் கூட்டினேன். ஜு... கா... யெட்... சி. ஜுகா என்றால் அவர்கள் மொழியில் ஜூல்பா. ஜுகாயெட்சி, ஜூல்பாக்காரர்.

"என்ன பேரு போட்டிருக்கு?" என்று அவர் என்னைக் கேட்காமல் கல்லைக் கேட்பது போலக் குனிந்தார்.

"பேரு போயிடுச்சுண்ணே. ஊர் மட்டும் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைப் பெயர் இருந்த இடத்தில் ஊற்றினார். தேய்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம்.